அடுக்களையில் ஒரு புளியங்கட்டை

அரபு மொழியில் 'தம்ர்' என்பது பேரீச்சம்பழம். அதிலும் கனிந்து உலர்ந்த பழம். புதுப்பழத்துக்கு 'ருதப்' என்று தனிப்பெயர் உண்டு. ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி உருட்டிவைத்த நம் நாட்டுப் புளியைக் கண்ட அரபு வணிகர், அது தம்மூர்ப் பழத்தின் சாயலில் இருக்கக் கண்டு 'தம்ர் ஹிந்தி' என்றனர். இந்தியப் பேரீச்சை என்பது பொருள். அப்பெயரே மேலைநாட்டார் நாவில் 'டாமரிண்ட்' ஆயிற்று. பின்னர் வந்த தாவர நூலார் 'டாமரிண்டஸ் இண்டிகா' என்று பெயர் சூட்டி, ஏற்கெனவே இந்தியப் பேரீச்சையாய் இருந்ததை 'இந்திய இந்தியப் பேரீச்சை' ஆக்கிவிட்டனர். இத்தனைக்கும் அம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்பதே இன்றைய ஆய்வாளர் துணிபு. இதைச் சொல்லும்போதெல்லாம் என் மாணவர்கள் சிரிப்பார்கள். அரபுச் சொல்லொன்று அவர்கள் வீட்டு ரசத்தில் கரைந்து கிடப்பது அவர்களுக்கு வியப்பு.

புளியின் புகழை எல்லாரும் அறிவர். அது காய்த்த மரத்தின் கட்டையை நினைப்பவர் சிலரே. செக்குக்கும் உலக்கைக்கும் கொட்டாப்புளிக்கும் நம் முன்னோர் தேடிய மரங்களுள் புளியும் ஒன்று. வெளிப்பக்கம் வெளிர்மஞ்சளாய் இருக்கும். உள்ளே வைரம் பாய்ந்த பகுதி நாவற்பழ நிறத்தை ஒத்த கரும்பழுப்பு. வெளிப்பகுதியை வண்டு துளைக்கும். வைரத்தை எளிதில் அணுகாது. இழைகள் நேரே ஓடாமல் ஒன்றையொன்று பின்னி ஓடுவதால் கோடரிக்கு எளிதில் பிளவாது. இழைப்புளியின் வாயை மழுக்கும் மரம் என்று தச்சர் சலித்துக்கொள்வர். அவர் சலித்துக்கொள்ளும் குணமே அதனைக் கறி வெட்டும் கட்டைக்கு உரியதாக்கிற்று. கத்தி எத்தனை முறை விழுந்தாலும் சிலாம்பு எழாது. எலும்போடு மரத்துணுக்கு கலந்து சட்டிக்குள் போகாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாட்களில் வங்கதேசத்தின் டாக்கா நகர வீதிகளிலும் இதே மரத்தின் வட்டக்கட்டைகளைக் குவித்து விற்கின்றனர். அவர்கள் அதனைக் 'கைட்டா' என்பர். மொழி வேறு, மரம் ஒன்று.

மேட்டுப்பாளையம் மரத்தை அறிந்த ஊர். நீலகிரியின் அடிவாரத்தில், பவானிக் கரையில் அமைந்த காரணத்தால் மலையிலிருந்து இறங்கும் சில்வர் ஓக்கும் யூகலிப்டசும் இவ்வழியே வந்தாக வேண்டும். மரத்தைப் பற்றிக் கற்பிப்பதற்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி ஒன்று 1990 முதல் இங்கு நடைபெறுகிறது. புளியமரமோ மலையிலிருந்து வருவதன்று. அது சாலையோரத்து மரம். கோவைச் சாலையின் இருமருங்கும் குடைபிடித்து நின்ற புளியமரங்கள் பல, சாலை அகலமானபோது வீழ்ந்தன. அவற்றின் அடிமரங்களுள் சில அறுவை ஆலைக்குப் போய் வட்டம் வட்டமாய் அறுபட்டு, எவரெவர் வீட்டுக்கோ கறிக்கட்டைகளாய்ப் போயிருக்கும். நிழலாய் நின்ற மரம் அடுக்களையில் வேலை செய்கிறது என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாம். நிழல் போனது போனதுதான்.

கறிக்கட்டையின் இலக்கணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மரத்தை நீளவாக்கில் அறுத்தால் பலகை. குறுக்கே அறுத்தால் வட்டக்கட்டை. பலகையின் மேல் கத்தி விழும்போது படுத்துக்கிடக்கும் இழைகளை அது அறுக்கிறது. அறுபட்ட இழை மீண்டும் கூடுவதில்லை. அங்கே கீறல் நிலைத்துவிடும். வட்டக்கட்டையிலோ இழைகள் நின்றுகொண்டிருக்கின்றன. ஈர்க்குத் துடைப்பத்தைத் தலைகீழாய் நிறுத்தி அதன் நுனிகளின்மேல் கத்தியை இறக்கிப் பாருங்கள். கத்தி ஈர்க்குகளை அறுப்பதில்லை, அவற்றினிடையே புகுந்து வெளியேறுகிறது. ஈர்க்குகள் மீண்டும் நெருங்கிக்கொள்கின்றன. கட்டையில் நிகழ்வதும் அதுவே. கத்தியின் கூரும் கெடாது, கட்டையின் முகமும் விரைவில் சிதையாது.

அமெரிக்க நாட்டில் கறிக்கடைக்காரர் பயன்படுத்திய மேப்பிள் மரக்கட்டையைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் வீட்டுச் சமையல் மேடையையே மரத்தால் அமைக்கும் வழக்கம் பரவிற்று. சிறு சிறு மரத்துண்டுகளை நெருக்கி ஒட்டி, மேடை முழுவதையும் ஒரே கட்டையாக்கி விடுகின்றனர். 'கசாப்புக் கட்டை' என்றே அம்மேடைக்கும் பெயர். நம் பிள்ளைகள் அயல்நாட்டில் அத்தகைய வீடுகளில் குடியிருக்கின்றனர்; நம்மூரிலும் புது வீடு கட்டுவோர் சிலர் தேக்கில் மேடை போடுகின்றனர். மேடையாயினும் கட்டையாயினும் மரத்தின் இயல்பு ஒன்றே. ஆகவே புளியங்கட்டையைப் பேணத் தெரிந்தவருக்கு அந்த மேடையைப் பேணுவது புதுக்கலை ஆகாது.

மரத்தின் பகை நீர் என்பர். அது பாதி உண்மை. நீர் மாறி மாறி ஏறுவதும் இறங்குவதுமே பகை. உலரும் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு, வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்கும். முழு வட்டமாய் அறுத்த கட்டைக்கு அந்தச் சுருக்கத்தைத் தாங்க இடமில்லை. நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை, அடையில் ஒரு கூறு எடுத்ததுபோல வாய் பிளக்கிறது. பச்சைக்கட்டையை வாங்கி வந்து வெயிலில் காயவைத்தால் இது உறுதி. நிழலில், காற்றோட்டத்தில், செங்கல்மேல் தூக்கிவைத்து, அறுத்த இரு முகங்களிலும் மெழுகு பூசி மெல்ல மெல்லப் பல மாதங்கள் ஆறவிட வேண்டும். பெருநாளுக்கு இரு நாள் முன்பு கடைத்தெருவில் கட்டை வாங்குவோர் இதை எங்கே செய்வர்? இந்தப் பெருநாளுக்கு வாங்குவதை அடுத்த பெருநாளுக்குப் பயன்படுத்துங்கள் என்று நான் சொன்னால், ஹஜ்ரத்துக்கு வியாபாரம் தெரியவில்லை என்பார்கள்.

கொங்கு நாட்டில் இன்னொன்றையும் கருத வேண்டும். ஆடிக்காற்று வீசும்போது இங்கே ஈரத்துணி அரைநாழிகையில் உலர்கிறது. ஐப்பசி அடைமழையில் இரு நாளானாலும் உலர்வதில்லை. நம் பெருநாளோ பிறைக்கணக்கில் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் நவம்பர் மழையில் வந்தது. 2019 முதல் 2021 வரை மூன்றாண்டும் ஆடி மாதத்தில் வந்தது. நல்ல கட்டை ஒன்று முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும்; அப்படியானால் அது எல்லாப் பருவத்துக் குர்பானியையும் கண்டுவிடும். மழைக்காலத்தில் பூசணமும் காற்றுக்காலத்தில் வெடிப்பும் அதற்கு வரும். விளிம்பைச் சுற்றி இரும்புப் பட்டையை இறுக்கிப் போட்டால் வெடிப்பு விரியாமல் ஓரளவு காக்கலாம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்ட கொல்லர்கள் இருந்த காலத்தில் இது எளிதாயிருந்தது.

இனி, இதை எழுதத் தூண்டிய வழக்கைச் சொல்கிறேன். எங்கள் மஹல்லாவில் ஒரு வீடு. மாமிக்கு எழுபது வயதிருக்கும். மணமான ஆண்டில் அவருடைய அத்தா சீராகக் கொடுத்த பண்டங்களுள் புளியங்கட்டை ஒன்று. இன்றைக்கும் அதன்மேல்தான் அந்த வீட்டுக் கறி வெட்டப்பட்டது. மருமகள் மருத்துவ ஆய்வகமொன்றில் பணிபுரிபவர். படித்த பெண், தொழுகையிலும் குறைவைக்காதவர். அண்மையில் அவ்வீட்டை இடித்துக் கட்டினர். கருங்கல் மேடை, அதன்கீழே அலமாரிகள், வெண்ணிறப் பிளாஸ்டிக் பலகை எல்லாம் வந்தன. சில மாதங்களில் கட்டையிலிருந்து ஒரு வாடை எழத் தொடங்கிற்று. பேரக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மருமகள் கட்டையைச் சுட்டி, 'கிருமி அதுலதான் இருக்கு, மாமி. தூக்கிப் போட்டுடலாம்' என்றாராம். அவர் சொன்னது கட்டையை. மூதாட்டியின் செவியில் விழுந்ததோ, குழந்தையின் நோய்க்கு நீயே காரணம் என்று. அன்று முதல் அவர் அடுக்களைக்குள் அடிவைக்கவில்லை. தமக்கென்று வைத்த கறியைத் தொடவுமில்லை.

மகன் அஸருக்குப் பின் வந்து என்னிடம் அமர்ந்தார். 'ஹஜ்ரத், கட்டை பாக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேட்பாங்க' என்றார். அவர் கேட்டது மார்க்கச் சட்டம் அன்று என்பது விளங்கியது. அவருக்கு வேண்டியது வீட்டில் ஓர் அமைதி. ஆயினும் சட்டம் கேட்டு வந்தவருக்குச் சட்டத்தைச் சொல்வதே முறை.

அறுக்கும்போது பீறிட்டு வழிந்தோடும் இரத்தமே அசுத்தம். திருமறையின் ஆறாம் அத்தியாயம் விலக்குவது அதனையே. அறுத்து முடிந்தபின் சதையிலும் நரம்பிலும் தங்கிய இரத்தத்தை நம் இமாம்கள் அவ்வாறு கருதவில்லை. ஆகவே கறி வெட்டிய கட்டை அதனால் மட்டும் நஜீஸ் ஆகாது. வழிந்தோடும் இரத்தமே பட்டு மரம் அதை உறிஞ்சிவிட்டால் என்ன செய்வது? துணியாயின் பிழியலாம், மரத்தைப் பிழிய இயலாது. கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் பயின்ற இருவர் இதில் கருத்து வேறுபட்டனர். பிழிய இயலாதபடி உறிஞ்சிக்கொண்ட பொருள் ஒருபோதும் தூய்மையாகாது என்றார் இமாம் முஹம்மத் (ரஹ்). மூன்று முறை கழுவ வேண்டும், ஒவ்வொரு முறையும் நீர் சொட்டுவது நிற்கும்வரை உலரவிட வேண்டும், அவ்வாறாயின் தூய்மையாகும் என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). இப்பாடத்தை மாணவர்களுக்கு நடத்தும்போது கழுவுதல் என்னும் சொல்லையே எல்லாரும் குறித்துக்கொள்வர். அதனோடு மும்முறையும் இணைந்து வரும் 'தஜ்ஃபீஃப்', உலர்த்துதல், என்னும் சொல்லைக் கவனிப்பவர் குறைவு. பிழிய முடியாத பொருளுக்கு உலர்த்துதலே பிழிதல்.

ஆனால் 'கட்டை பாக்' என்று சொல்லி அந்த மகனை அனுப்பியிருந்தால் மருமகளுக்கு அநீதி செய்தவன் ஆவேன். தஹாரத் வேறு, நழாஃபத் வேறு. முன்னது தொழுகைக்குரிய தூய்மை, பின்னது உடல்நலத்துக்குரிய துப்புரவு. சட்டப்படி தூய்மையான பொருள் வயிற்றைக் கெடுக்காது என்று எந்த இமாமும் உறுதி கொடுக்கவில்லை. கெட்டுப்போன கஞ்சியும் 'பாக்' தான். அதற்காக அதைக் குடிப்பாரில்லை. இருவகைத் தூய்மையையும் ஒன்றாக்கிப் பேசி, ஆய்வகத்தில் படித்த பெண்ணை மார்க்கத்தின் பெயரால் வாயடைப்பது ஆலிம்களுக்கு அழகன்று.

நம் முன்னோரும் அப்படிச் செய்யவில்லை. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலமாகிய 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ என்பார், கடைத்தெருவை மேற்பார்வையிடும் முஹ்தஸிபுகளுக்காக 'நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா' என்னும் நூலை இயற்றினார். ரொட்டி சுடுவோர், எண்ணெய் விற்போர், மருந்து விற்போர் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் இயல் அதில் உண்டு. கறிக்கடைக்காரருக்கு அவர் விதிப்பவற்றுள் ஒன்று இது: நாள் வாணிகம் முடிந்து கடையடைக்கும்போது, வெட்டுக்கட்டையின்மேல் பொடித்த உப்பைத் தூவிவிட்டுச் செல்ல வேண்டும், நாய் நக்காமலும் பூச்சி புழு ஊராமலும் இருப்பதற்கு. உப்பு இல்லையாயின் உஷ்னான் என்னும் உவர்ச்செடியின் பொடியைத் தூவலாம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலாசிரியர் நினைத்துப் பார்த்தது இரவில் தனித்துக் கிடக்கும் ஒரு மரக்கட்டையைப் பற்றி! உப்பு நாயை மட்டுமா விரட்டிற்று? மரத்தின் மேல்முகத்திலுள்ள ஈரத்தை அது வெளியே இழுக்கிறது. கிருமியின் உடலிலுள்ள நீரையும் உறிஞ்சிவிடுகிறது. காரணம் பின்னர் தெரிந்தது. பயன் முன்னரே தெரிந்திருந்தது.

மேலைநாட்டு ஆய்வொன்றும் இங்கே சொல்லத் தக்கது. மரப்பலகை கிருமிக்கு உறைவிடம், பிளாஸ்டிக் பலகையே நல்லது என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியிருந்த காலத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பாரும் உடனிருந்தோரும் அதனைச் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டனர். ஒன்பது வகை மரங்களையும் நான்கு வகைப் பிளாஸ்டிக்குகளையும் எடுத்து, நோய்க்கிருமிகளை அவற்றின்மேல் தடவிப் பார்த்தனர். பிளாஸ்டிக்கின் மேலிருந்த கிருமிகள் எளிதில் மீண்டும் கிடைத்தன. இரவு முழுதும் விட்டுவைத்தால் பெருகவும் செய்தன. மரத்தின் மேலிருந்து திரும்பக் கிடைத்தவை பொதுவாகக் குறைவே. நேரம் செல்லச் செல்ல மேலும் குறைந்தன. புதுமரம், பழைய மரம் என்ற வேறுபாடு அங்கே பெரிதாகத் தோன்றவில்லை. நீரை உறிஞ்சும் மரம் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உலர்ந்த மரத்துக்குள் அது பெருக வழியின்றி மெல்ல மடிகிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளும் கறிக்கடைக்கு மரக்கட்டையை அறவே விலக்கவில்லை. உணவுக்கேற்ற செயற்கைப் பொருளால் ஆன கட்டையை முதலில் கூறி, மரமாயின் கெட்டியான கடின மரத்தின் அடிக்கட்டையாய் இருக்க வேண்டும் என்கின்றன.

இவ்வளவும் உலர்ந்த மரத்துக்கு. ஈரமரத்துக்கு எவரும் சான்று தரவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கட்டையைப் பார்த்தேன். கழுவுதொட்டியின் கீழ் அலமாரிக்குள், கதவு சாத்திய இருட்டில், நீர்க்குழாயை ஒட்டி, படுக்கைவாக்கில் கிடந்தது. அடியில் கைவைத்தால் பிசுபிசுத்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வெட்டிய காரணத்தால் நடுவே தாம்பாளம்போல் குழிந்திருந்தது. அக்குழியில் நீர் நின்று கறுத்திருந்தது. 'பழைய வீட்டில் இதை எங்கே வைத்திருந்தீர்கள், தாயே?' என்று கதவுக்கு அப்பால் இருந்த மூதாட்டியைக் கேட்டேன். 'விறகடுப்புப் பக்கத்துல, ஹஜ்ரத். கழுவிச் சுவத்துல சாத்தி வச்சா மறுவேளைக்குள்ள காஞ்சு கலகலன்னு ஆயிடும்' என்றார்.

வழக்கு அங்கே தீர்ந்தது. மூதாட்டி எதையும் மாற்றவில்லை; மருமகள் கூறியதும் பொய்யன்று. வீடு மாறிவிட்டது. விறகடுப்பின் அனல், கூரையோட்டின் இடுக்கில் வந்த காற்று, மண்சுவர் உறிஞ்சிய ஈரம் ஆகிய மூன்றும் எவரும் கேளாமலே அந்தக் கட்டையை நாள்தோறும் உலர்த்தி வந்திருக்கின்றன. புதிய அடுக்களையில் அம்மூன்றும் இல்லை. அடுப்பு செய்துவந்த வேலையை இப்போது மனிதர் செய்ய வேண்டும். அது வேலை என்றே தெரியாததால் எவரும் செய்யவில்லை. குழந்தையின் நோய்க்குக் கட்டைதான் காரணமா, வெளியில் வாங்கித் தின்ற பண்டமா என்பதை இனி எவராலும் நிறுவ இயலாது. அதை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை என்று இருவரிடமும் சொன்னேன்.

கட்டையை மர அறுவை ஆலைக்கு எடுத்துச் சென்றனர். குழிவு போகும்வரை மேல்முகத்தில் ஒன்றரை அங்குலம் சீவவேண்டியிருந்தது. சீவியபின் உள்ளே வந்த மரம் கருநாவல் நிறத்தில், ஒரு புள்ளி அழுகல் இல்லாமல், அறைந்தால் மணிபோல் ஒலித்தது என்று மகன் வந்து சொன்னார். விளிம்பில் ஒரு வெடிப்பு மட்டும் விரல்நீளம் இருந்ததாம். அதன் இருபுறமும் துளையிட்டு இரும்பு ஆப்பு போட்டு இறுக்கியிருக்கின்றனர். அதைக் கேட்டபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் அருந்திய மரக்கிண்ணத்தின் நினைவு வந்தது. அது வெடித்தபோது அனஸ் (ரலி) அவர்கள் வெள்ளியால் பிணைத்து வைத்திருந்ததை நேரில் கண்டவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. வெடித்த மரத்தை எறியாமல் பிணைத்து வைப்பதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரியை நான் எங்கே தேடுவேன்?

அதன்பின் அவ்வீட்டில் ஏற்பட்ட ஒழுங்கை மருமகளே வகுத்தார். அது எனக்கு மிகவும் உடன்பாடு. கறிக்குப் புளியங்கட்டை; காய்க்கும் பழத்துக்கும் பிளாஸ்டிக் பலகை; ஒன்றின்மேல் மற்றொன்று கூடாது. வெட்டி முடித்தவுடன் கொழுப்பையும் துணுக்குகளையும் தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பால் சுரண்டி எடுக்க வேண்டும்; சுரண்டாமல் நீரூற்றினால் கொழுப்பு மரத்துள் இறங்கிவிடும். பிறகு வெந்நீரும் சோப்பும் இட்டு, நார்கொண்டு தேய்த்து உடனே கழுவ வேண்டும். கட்டையை ஊறவைக்கலாகாது. நோயாளி இருக்கும் வீட்டில் மணமில்லாத குளோரின் திரவம் நாலு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து சில நிமிடம் நனையவிட்டுக் கழுவலாம். கழுவியபின் இரு முகங்களிலும் காற்றுப் படும்படி விளிம்பின்மேல் நிறுத்தி, சன்னல் பக்கமாய் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் அன்று. கடைசியாக உப்பு. இதை மட்டும் மாமி ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் மருமகள் சிட்டிகை உப்பைத் தூவியதைக் கண்டு, 'சோத்துக்கா போடற? அள்ளிப் போடும்மா' என்றாராம். அடுக்களைக்குள் அவர் திரும்பியது அந்த உப்பின் பொருட்டுத்தான்.

எண்ணெய் பூசுவதைப் பற்றிப் பலர் கேட்பதால் சில சொல்ல வேண்டும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கட்டைக்கு ஆகா. மரத்துள் கிடந்து சில வாரங்களில் சிக்குவாடை எடுக்கும். தேங்காயெண்ணெய் அத்தனை விரைவில் கெடாது, ஆயினும் கெடும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் இயல்புடையது, மரத்துக்கு நல்லது. ஆனால் வண்ணக்கடையில் விற்கும் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெயில் விரைந்து காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பர். உணவு படும் இடத்துக்கு அது வேண்டாம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். விரித்துப் போட்டு உலர்த்த வேண்டும். எல்லாவற்றிலும் எளியது மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் மருந்தாகையால் வயிற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை, நாள்பட்டாலும் கெடாது. அதில் நாலு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினால் நல்ல பூச்சு கிடைக்கும். மலைமேல் கோத்தகிரியில் 1993 முதல் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, பழங்குடி மக்கள் எடுக்கும் தேனோடு தேன்மெழுகையும் பயனுள்ளதாக்க உழைத்து வருகிறது. நம் வீட்டுக் கட்டைக்கு வேண்டிய மெழுகு முப்பது கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது. முழுதும் உலர்ந்த கட்டைக்கே பூச்சு. ஈரத்தின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டியது ஆகும்.

மரமேடை வைத்திருப்போர்க்கும் இவையே பொருந்தும். கூடுதலாய்க் கவனிக்க வேண்டிய இடம் கழுவுதொட்டியின் விளிம்பு. மேடை அழுகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். சுடுசட்டியை நேரே இறக்காமல் பிரிமணையின்மேல் இறக்குங்கள். ஈர இரும்புக் கத்தியை மேடைமேல் விட்டுப் போனால் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் கூடி மைபோல் கறுக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மஞ்சள்கறைக்கு வெளிச்சமே மருந்து. சன்னலோரமாயின் சில நாளில் தானே வெளுக்கும். கீறலும் தழும்பும் மிகுந்தால் உப்புத்தாள் இட்டுத் தேய்த்து மீண்டும் பூசலாம். கருங்கல்லில் விழுந்த சில்லை மீண்டும் ஒட்டவைப்பது எளிதன்று. பிளாஸ்டிக்கில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுப்பவரும் இல்லை. மரத்துக்கு அந்த வாய்ப்பு எளிதாய் உண்டு.

எதற்காக ஒரு கட்டைக்கு இவ்வளவு பாடு, முந்நூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் பலகை கிடைக்கிறதே என்று கேட்கலாம். அந்த வீட்டுக் கட்டை அந்த வீட்டுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. பெருநாளன்று எங்கள் தெருவில் குர்பானி கொடுப்போர் பலர். நல்ல கட்டை உடையவர் இருவர், மூவர். ஓர் ஆட்டை எலும்போடு துண்டாக்க மெல்லிய பலகை உதவாது. லுஹருக்குள் மூன்று பங்காய்ப் பிரித்து, ஒரு பங்கு ஏழையர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வெயிலேறினால் கறி கெடும். ஆகவே கட்டை ஒரு வாசலிலிருந்து மறுவாசலுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

திருமறையின் 107ஆம் அத்தியாயத்துக்கு 'அல்-மாஊன்' என்று பெயர். அதன் இறுதிச் சொல்லே அத்தியாயத்தின் பெயராயிற்று. 'மாஊன்' என்றால் என்ன? ஜகாத் என்றனர் சிலர். கோடரி, சட்டி, வாளி போல மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்கும் வீட்டுப் பண்டங்கள் என்று விளக்கினார் இப்னு மஸ்ஊத் (ரலி). அதைக் கொடுக்க மறுப்போரை அவ்வத்தியாயம் தொழுகையில் பராமுகமாய் இருப்போரோடு சேர்த்தே கண்டிக்கிறது. தமிழில் இதனை 'அற்பப் பொருள்' என்று மொழிபெயர்ப்போர் உளர். எனக்கு அது நிறைவு தருவதில்லை. அடுத்த வீட்டார் வாசலில் நின்று 'கட்டை இருக்குங்களா?' என்று கேட்கும் நாழிகையில் அது அற்பப் பொருளன்று. 'கட்டையைத் தூக்கிப் போட்டுட்டோம்' என்று சொல்லும் வீடு ஒவ்வொன்றாய்ப் பெருகினால், கொடுக்க மறுத்த குற்றம் எவர்மேலும் இராது. கொடுப்பதற்குப் பண்டம் மட்டும் இராது.

இரவல் கட்டைக்குத் தெருவில் ஒரு நடைமுறை உண்டு, எழுதப்படாதது. வாங்கிய வீட்டார் சுரண்டிக் கழுவித்தான் திருப்ப வேண்டும். அடுத்த வீட்டார் காத்திருந்தால் ஈரத்தோடு நேரே அங்கே போகலாம். கடைசியாய் வாங்கியவர் மட்டும் ஓர் இரவு தம் வீட்டில் நிறுத்தி உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சென்ற பெருநாளில் அந்தக் கட்டை நான்கு வீடுகளுக்குப் போய்வந்தது. மறுநாள் காலை நான்காம் வீட்டுச் சிறுவன் அதைத் தலையில் சுமந்து வந்தான். மாமி வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடிமுகம் வரை உலர்ந்திருந்தது, மேலே உப்புப் படிந்திருந்தது. 'உங்க உம்மாகிட்ட சொல்லு, வர்ற வருஷமும் வந்து எடுத்துக்கச் சொல்லி' என்று சொல்லி, கட்டையைச் சன்னலோரம் நிறுத்தினார்.